உரித்து எடுத்தாலும் ஐந்தே நாளில் திரும்பும் நீலப்பச்சைப் பாசி: செடித்தொட்டியில் அதை ஒழிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். கும்பகோணத்தில் ஒரு வீட்டில் 24க்கு 12க்கு 15 அங்குல மீன்தொட்டி. அடியில் வண்டல் மண், அதன் மேல் ஆற்று மணல். செடிகள் வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, ஜாவா மாஸ். பதினைந்து கப்பி மீன்கள். ஒரு மூலையில் இன்டர்னல் ஃபில்டர், தினமும் பத்து மணி நேரம் எல்இடி விளக்கு, போர் தண்ணீர். இரண்டு மாதமாக மணல் மேலும் செடியின் அடியிலும் கரும்பச்சை நிறத்தில் வழுவழுப்பான படலம். கையால் எடுத்துப் போட்டால் ஐந்தே நாளில் பழையபடி மூடிக்கொள்கிறது. எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் ஒரே வாரத்தில் போய்விடும் என்று கடையில் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

மாத்திரைப் பட்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வந்திருப்பது எது என்று உறுதி செய்துகொள்வோம். பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பத்து வகை உண்டு, ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது.

நீலப்பச்சைப் பாசி நூல் நூலாக வராது, ஆடை போலப் படியும். காய்ச்சிய பாலில் ஏடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை விரலால் தூக்கினால் மொத்தமாக உரிந்து வரும், செடியில் ஒட்டிப் பிடிக்காது. பகலில் அதன் அடியில் ஆக்ஸிஜன் குமிழ்கள் சிக்கி, படலம் அங்கங்கே கூடாரம் போல உப்பி நிற்கும். சில சமயம் துண்டாகப் பிய்ந்து மேலே மிதக்கும். நிறம் மயில் கழுத்துப் பச்சையிலிருந்து கறுப்பு வரை போகலாம். வாசனை தப்பவே தப்பாது: வெளியே எடுத்துக் கையில் கசக்கினால் சேற்று வாடையும் புழுக்கமும் கலந்து அடிக்கும். இந்த வகைப் பாசிகளில் பல, ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன. முதல் மழைக்கு மண் மணப்பதும் அதே ஜியோஸ்மினால்தான். மழைக்கு இனிக்கிற வாசனை மீன்தொட்டியில் குமட்டுகிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. கட்டைவிரல் நகம் அளவு படலத்தை எடுத்து, வெள்ளை மூடி ஒன்றில் இரண்டு ஸ்பூன் தண்ணீருடன் போட்டு, ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்து, காலையில் உருக விடுங்கள். செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் ஃபைகோசயனின் என்ற நிறமி தண்ணீரில் இறங்கும். தண்ணீர் நீலம் பாய்ந்தால் சந்தேகமே வேண்டாம். மற்ற பச்சைப் பாசிகளில் அந்த நீலம் கிடையாது. (மூடியைப் பிறகு சமையலறைக்குத் திருப்பாதீர்கள்.)

பெயரில் பாசி என்று இருந்தாலும் இது பாக்டீரியா, சயனோபாக்டீரியா. தொட்டிகளில் படலமாகப் படிவது பெரும்பாலும் ஆசிலடோரியா, ஃபார்மிடியம் போன்றவை. பாக்டீரியா என்பதால்தான் ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது. பாக்டீரியா என்பதால்தான் அதே ஆன்டிபயாடிக் உங்கள் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் தொந்தரவு செய்யலாம்.

டெல்டாக்காரருக்கு இது ஏன் வருகிறது என்று விளக்குவது சுலபம். நடவு முடிந்து பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசி தூவுங்கள் என்று உயிர் உரமாகச் சிபாரிசு செய்கிறார்களே, அதே குடும்பம்தான் இது. வயலுக்கு விடுவது அனபீனா, நாஸ்டாக் மாதிரியான, காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் இனங்கள். அசோலா இலைக்குள் ஒண்டிக் குடியிருப்பதும் ஒரு அனபீனாதான். அவை வயலில் செழிக்க என்ன வேண்டும்? அசையாத தண்ணீர், வெதுவெதுப்பு, நல்ல வெளிச்சம், அடியில் மக்கும் கழிவு, தண்ணீரில் குறைந்த நைட்ரேட். உங்கள் தொட்டியில் முதல் நான்கும் இருக்கின்றன, ஐந்தாவதும் இருக்கலாம். கண்ணாடிக்குள் ஒரு குட்டி வயலைக் கட்டி வைத்திருக்கிறீர்கள், அதற்கு உரிய பயிர் விளைகிறது.

ஆகவே கொல்வது ஒரு வேலை, வயல்தன்மையை மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவதை முதலில் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதமாகத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் ஓட்டத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் தொட்டியின் கன அளவு 4,320 கன அங்குலம். அதை 0.0164ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 70 லிட்டர். மண்ணும் மேலே விட்ட இடைவெளியும் போக, உள்ளே இருக்கும் தண்ணீர் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் இந்த 60க்குத்தான். செடித்தொட்டியில் மணிக்கு குறைந்தது ஐந்து மடங்கு, முடிந்தால் எட்டு மடங்கு தண்ணீர் சுழல வேண்டும், அதாவது 300 முதல் 500 லிட்டர். ஃபில்டர் பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்பி உட்காராதீர்கள். அது ஸ்பான்ஞ் இல்லாமல், தண்ணீரை உயரத்துக்குத் தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் எடுத்த கணக்கு. அழுக்கு ஏறிய ஸ்பான்ஞோடு அதில் பாதி வந்தால் பெரிது.

மொத்த அளவைவிட முக்கியம், அந்த ஓட்டம் எங்கே போய்ச் சேருகிறது என்பது. ஒரு சிட்டிகை மீன் தீனியை நுணுக்கிப் பொடியாக்கி, ஃபில்டர் வாய்க்கு நேராக விட்டுப் பாருங்கள். துகள்கள் எந்த மூலையில் மெல்ல இறங்கி உட்கார்ந்துவிடுகின்றனவோ அங்கேதான் படலம் முதலில் பிடித்திருக்கும். பெரும்பாலும் ஃபில்டருக்கு எதிர்மூலையும், அடர்ந்த வாலிஸ்நேரியாப் புதரின் பின்பக்கமும். ஃபில்டர் வாயை முன்கண்ணாடியை ஒட்டி நீளவாக்கில் திருப்பினால் தண்ணீர் முன்னால் ஓடி, பக்கத்தில் மோதி, பின்பக்கமாகத் திரும்பும். அதுவும் போதவில்லை என்றால் எதிர்மூலையில் ஏர்பம்பில் ஓடும் சிறிய ஸ்பான்ஞ் ஃபில்டர் ஒன்றை வையுங்கள். விலை குறைவு, ஆக்ஸிஜனும் கிடைக்கும். வாலிஸ்நேரியாவின் எல்லா இலையும் லேசாக ஆட வேண்டும். ஆடாத இலை எங்கே இருக்கிறதோ அங்கே மடை அடைத்திருக்கிறது.

அடுத்தது மண். வண்டல் மண் செடிக்கு நல்லதுதான், அதில் தப்பில்லை. ஆனால் நம் பக்கத்தில் பலர் வண்டலோடு ஒரு பிடி மக்கிய சாணியையும் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்திருந்தால் இந்தத் தொல்லை பல மாதம் விடாது. மேலே போட்ட ஆற்று மணல் பொடியாக இருந்தால் இறுகிப் போய், தண்ணீர் உள்ளே இறங்காது. மெல்லிய குச்சி ஒன்றை மணலில் குத்திப் பாருங்கள். குமிழி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லாமல் அழுகுகிறது என்று அர்த்தம். அதற்காக ஒரே நாளில் முழுக்கக் கிளறிவிடாதீர்கள், வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனைச் சாய்த்துவிடும். வாரத்துக்கு ஒரு கால் பகுதி என்று, தண்ணீர் மாற்றும் நேரத்தில், மேல் ஒரு அங்குலத்தை மட்டும் கிளறி அழுக்கை உறிஞ்சுங்கள். வண்டல் மேலே வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் மூடாக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கழுவிய கரடுமுரடு மணலைக் கொஞ்சம் சேருங்கள். மணலுக்குள் புகுந்து ஊரும் கூம்பு நத்தைகள், மெலனாய்ட்ஸ், பத்து இருந்தால் கிளறும் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

விளக்கு பத்து மணி நேரம் வேண்டவே வேண்டாம். ஆறு மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். காலை வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டி மேல் விழுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் விழுந்தாலும் அந்தப் பக்கக் கண்ணாடியில் அட்டை ஒட்டி மறைத்துவிடலாம்.

இப்போது கொல்லும் வேலை. தொட்டியில் கால்வாசிக்கு மேல் படலம் மூடியிருந்தால் இருட்டடிப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இருட்டடிப்பு தேவை, அதன் பிறகு மிச்சம் மீதிக்குப் பெராக்ஸைடு.

இருட்டுக்கு முன்னால் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் எடுத்தாக வேண்டும். இதைத் தட்டிக் கழிப்பவர்கள்தான் மூன்றாம் நாள் மீன் செத்துவிட்டது என்று வந்து நிற்கிறார்கள். இத்தனை படலமும் உள்ளேயே செத்து அழுகினால் அம்மோனியா ஏறும், ஆக்ஸிஜன் இறங்கும். முதலில் ஃபில்டரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கிளம்பும் துண்டுகள் தொட்டி முழுக்கப் பரவி புது இடத்தில் வேர்விடாமலேயே ஒட்டிக்கொள்ளும். கடையில் விற்கும் அகன்ற சைஃபன் இதற்கு ஆகாது, மணலையும் சேர்த்து இழுத்துவிடும். 6 அல்லது 8 மி.மீ. உள்விட்டம் கொண்ட டியூப் ஒன்று போதும். டியூப் முனையைப் படலத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால், பாயைச் சுருட்டுவது போல அது சுருண்டு உள்ளே போவதைப் பார்க்கலாம். கிழியாமல் மெதுவாக நகர்த்துங்கள். வாலிஸ்நேரியா இலையில் படிந்ததை இரண்டு விரலுக்கு நடுவே இலையைப் பிடித்து அடியிலிருந்து நுனிக்கு உருவி, டியூப் வாயருகே விடுங்கள். மாஸில் சிக்கியதை உள்ளே வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. வெளியே எடுத்து, பக்கெட் தண்ணீரில் அலசுங்கள். மோசமான பகுதியை வெட்டி எறிவதே மேல்.

ஒரு எச்சரிக்கை: டியூபை வாய் வைத்து உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சயனோபாக்டீரியாவில் சில இனங்கள் ஈரலையும் நரம்பையும் பாதிக்கும் நச்சு சுரப்பவை. உங்கள் தொட்டியில் இருப்பது அந்த இனமா என்று கண்ணால் சொல்ல முடியாது. டியூபை முழுக்கத் தண்ணீரில் முக்கி நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே இறக்கினால் தானே ஓடும். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இப்படி எடுத்த பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஹைப்போ போட வேண்டும். போர் தண்ணீர் என்றால் முதல் நாளே பக்கெட்டில் பிடித்து ஏர்பம்ப் ஓட விடுங்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, இரும்பு இருந்தால் அதுவும் படிந்துவிடும்.

பிறகு இருட்டு. விளக்கை அணைத்து, நிறுத்திய ஃபில்டரையும் ஏர்பம்பையும் ஓட விட்டு, கார்பன் டை ஆக்ஸைடு கொடுப்பவர்கள் அதை மூடிவிட்டு, கறுப்புப் போர்வையாலோ பெரிய கறுப்புக் குப்பைப் பைகளாலோ நான்கு பக்கமும் மூடுங்கள். மேலே மட்டும் துணியாக இருக்கட்டும், காற்று போய்வர வேண்டும். நான்கு முழு நாள், 96 மணி நேரம். தீனி கிடையாது. கப்பிக்கு நான்கு நாள் பட்டினி ஒரு பொருட்டே இல்லை, ஆனால் புதிதாகப் பிறந்த குஞ்சுகள் இருந்தால் அவற்றைத் தனியாக ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். போர்வையைத் தூக்கி "செத்துச்சா" என்று பார்ப்பதற்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தினமும் ஐந்து நிமிஷம் திறந்து பார்த்தால் இருட்டடிப்பின் பலன் அந்த அளவுக்குக் குறையும். வாலிஸ்நேரியாவும் ஹைக்ரோஃபிலாவும் நான்கு நாளைத் தாங்கும், வேரிலும் தண்டிலும் சேமிப்பு வைத்திருக்கின்றன. படலத்துக்கு அப்படிச் சேமிப்பு அதிகம் இல்லை. இந்த வைத்தியத்தின் சூட்சுமம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் திறந்தால் மிச்சமிருந்த படலம் சாம்பல் பூத்து, தொட்டால் கரையும் நிலையில் இருக்கும். அதை உறிஞ்சி எடுத்து, மறுபடி பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டர் ஸ்பான்ஞைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் குளோரின் தண்ணீரில் பிழிந்தால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும். முதல் வாரம் விளக்கு ஐந்து மணி நேரம் மட்டும்.

கத்திரி வெயிலில் இதைச் செய்வதாக இருந்தால் ஜாக்கிரதை. 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்ஸிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைகிறது. இருட்டில் செடியும் ஆக்ஸிஜனை எடுக்குமே தவிர கொடுக்காது. மே மாதத்தில் மின்தடையும் சேர்ந்துகொண்டால் விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியில் ஓடும் ஏர்பம்ப் ஒன்றைத் தயாராக வையுங்கள். தொட்டி மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாவதில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு இறங்காது. ஆவியான அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும் என்பதையும் அந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாது.

இனி நைட்ரேட். பாசி வந்துவிட்டது, உரத்தை நிறுத்து என்பது பலரும் சொல்லும் யோசனை. இந்தப் பாசிக்கு அது நேர் எதிராகப் போய் முடியும். செடி அதிகம், மீன் குறைவு என்ற தொட்டிகளில் நைட்ரேட் பூஜ்யத்துக்கு வந்துவிடும். செடி வளர்ச்சி நிற்கும், கீழ் இலைகள் அழுகிக் கரிமக் கழிவைக் கசியவிடும், அந்த இடத்தைப் படலம் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் போட்டாலே படலம் செத்துவிடும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அதில் பாதிதான் உண்மை. நைட்ரேட் படலத்தைக் கொல்லாது, செடியைப் போட்டிக்கு எழுப்பிவிடும். முதலில் சோதித்துப் பாருங்கள். டெல்டாவில் வயலை ஒட்டிய போர் தண்ணீரில் உரம் இறங்கி நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம், அப்படியானால் சேர்க்கவே வேண்டாம். சொட்டு மருந்து வகைக் கிட்டில் இரண்டாம் பாட்டிலை அரை நிமிஷமாவது பலமாகக் குலுக்காவிட்டால் எல்லாத் தண்ணீரும் பூஜ்யம் என்றே காட்டும்.

நைட்ரேட் 5 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 5 மி.கி.) கீழே இருந்தால் பக்கத்து உரக்கடையில் 13-0-45 என்று கேளுங்கள். சொட்டுநீர்ப் பாசனக்காரர்கள் வாங்கும் பொட்டாசியம் நைட்ரேட் அது. பாக்கெட்டில் வேறு நுண்ணூட்டம் எதுவும் கலக்கவில்லை என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் நைட்ரேட் கிட்டத்தட்ட 5.8 பிபிஎம் ஏறும். உங்கள் 60 லிட்டருக்கு 1 கிராம் என்பது 10 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு. நகைத் தராசு இல்லாதவர்கள் 50 கிராமைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 500 மி.லி. ஆக்கி வைத்துக்கொண்டால் 10 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். இருட்டடிப்புக்கு முந்தைய தண்ணீர் மாற்றத்தில் 10 மி.லி., பிறகு வாரம் இரண்டு முறை 5 மி.லி., 10 முதல் 20 பிபிஎம்முக்குள் நிற்கும்படி. வீட்டு மூலையில் யூரியா மூட்டை இருக்கிறதே என்று அதில் ஒரு சிட்டிகை போட்டுவிடாதீர்கள். டிஏபியும் அப்படியே, இரண்டும் அம்மோனியாவில் போய் நிற்கும். நம் போர் தண்ணீரின் பிஹெச் 8ஐ ஒட்டி இருந்தால் அந்த அம்மோனியா இன்னும் விஷம்.

பெராக்ஸைடுக்கு வருவோம். மற்றப் பச்சைப் பாசிகளைவிட சயனோபாக்டீரியாவுக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தாங்கும் சக்தி குறைவு. நெதர்லாந்தில் 2009இல் ஒரு ஏரி முழுவதையும் லிட்டருக்கு 2 மி.கி. என்ற சொற்ப அளவில் இப்படிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அங்கே பாசி தண்ணீரில் மிதந்தது. படலமாக இருக்கும்போது வழுவழுப்பான உறை அதைக் காக்கிறது, ஆகவே நமக்கு அளவு கூடுதலாக வேண்டும்.

இங்கேதான் இணையத்தில் படித்துவிட்டுச் செய்பவர்கள் சறுக்குகிறார்கள். வெளிநாட்டார் எழுதும் அளவு 3 சதவீதக் கரைசலுக்கு. நம் ஊர் மருந்துக்கடையில் காயத்துக்கு விற்பது பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். 6 சதவீதம் என்றால் லிட்டருக்கு 0.25 மி.லி., உங்கள் தொட்டிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 15 மி.லி., அதற்கு மேல் போகாதீர்கள். 3 சதவீதம் என்றால் 30 மி.லி. ஆய்வகங்களில் கிடைக்கும் 30 சதவீதக் கரைசல் தோலையே வெளுத்துப் பொசுக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கட்டும். ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, படலத்துக்கு ஒரு அங்குலம் மேலே பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக விடுங்கள். கரைசல் தண்ணீரைவிடக் கனம், அப்படியே கீழே படியும். ஒரு நிமிஷத்துக்குள் படலம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி பூக்கும். எதுவுமே பூக்கவில்லை என்றால் பாட்டில் பழசாகி வீரியம் போயிருக்கிறது. பத்து நிமிஷம் கழித்து ஃபில்டரை ஓட விடுங்கள். மறுநாள் அந்த இடம் பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறியிருக்கும், உறிஞ்சி எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். தொடர்ந்து மூன்று நாள், பிறகு ஒரு முறை கால் பகுதி தண்ணீர் மாற்றம். மாஸ் மேல் நேராக அடிக்காதீர்கள், வெளுத்துவிடும். வாலிஸ்நேரியாவும் தொட்டால்சிணுங்கி ரகம்தான். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

மாத்திரை பற்றி. எரித்ரோமைசின் வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. அளவு எழுதாமல் விடுவது வேண்டுமென்றேதான். அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை ஹெச் மருந்து. தொட்டியில் போட்டால் அந்தத் தண்ணீர் கடைசியில் சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோதான் போகும். பாதி டோஸ் தின்று தப்பித்த பாக்டீரியா எல்லாம் அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது, தொட்டியிலும் சரி, வெளியிலும் சரி. இத்தனையும் செய்து படலம் போனாலும், ஓட்டம் இல்லாத மூலை அப்படியே இருந்தால் மாதம் முடிவதற்குள் திரும்ப வரும். இருட்டும் பெராக்ஸைடும் இரண்டு சுற்றிலும் தோற்ற தொட்டியை நான் மாத்திரையால் காப்பாற்ற மாட்டேன், மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்வேன்.

இதைத் தின்ன மீன் வாங்கிப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மோலி, இறால், நத்தை எதுவும் இதை நம்பகமாகத் தின்னாது. ருசி பிடிக்காமல் ஒதுங்கிவிடும்.

டெல்டாவில் இந்தப் பாசி தொட்டிக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் வாய்க்கால்தான். ஜூன் 12 ஒட்டி மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, தண்ணீர் நுங்கும் நுரையுமாக வரும்போது அது கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண்ணையும் குப்பையையும் வாரிக்கொண்டு வருகிறது. அந்தச் சமயத்தில் பிடுங்கிய வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா எதையும் நேராகத் தொட்டியில் போடாதீர்கள். பத்து நாள் தனி பக்கெட்டில், தினமும் தண்ணீர் மாற்றி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பாசி இருந்தால் பக்கெட்டின் அடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆற்று மணலை எத்தனை முறை அலசினாலும் போதாது, வெயிலில் பரப்பி முறுகக் காய வைத்து எடுத்தால் கொஞ்சம் நிம்மதி, ஆனால் இந்த இனங்களில் சில வறண்ட மண்ணில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். எதிர்த்திசையிலும் ஒரு வார்த்தை: தொட்டியில் பெருகிய ஆகாயத்தாமரையையோ வேறு செடியையோ வாய்க்காலில் விடாதீர்கள். வெங்காயத்தாமரையோடு நாம் படும் பாடு போதும். உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றுங்கள், மாடு குடிக்கும் தொட்டிப் பக்கம் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மின்சாரம்தான் பிரச்சினை. ஃபில்டர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மூச்சுத் திணறும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் இன்னும் சீக்கிரம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நாகை, திருவாரூர் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அவ்வளவு நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே ஓட விட்டால் உள்ளே அழுகியது அத்தனையும் தொட்டியில் கக்கும். அலசிவிட்டு ஓட விடுங்கள். பத்துப் பதினைந்து வாட் ஃபில்டரை வீட்டு இன்வர்ட்டர் சுலபமாகத் தாங்கும், அந்த ஒரு பிளக்கை மட்டும் இன்வர்ட்டர் லைனுக்கு மாற்றித் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

இருட்டடிப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து எட்டிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முன்கண்ணாடிக்கும் மணலுக்கும் நடுவே, மணல் மட்டத்துக்குக் கீழே ஒரு அங்குலம். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் படலம் அங்கே மணலுக்குள்ளேயே பட்டையாக ஒளிந்திருக்கும், மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அங்கிருந்து ஏறி வரும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைக் கண்ணாடியை ஒட்டி மணலுக்குள் இறக்கி மேலே வழித்து, கிளம்புவதைச் சின்ன டியூபால் உறிஞ்சுங்கள். பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், மணல் மட்டம் வரைக்கும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு வரிசையாகச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.